டூர் அக்காவின் கை

அவளுக்குக் கைதான் முதலில் போகும். வாய் அதற்குப் பிறகு வரும்.

"பேசினா நாலு நாளு இழுக்கும் அண்ணாச்சி. ஒண்ணு வச்சா நாலு நிமிசத்துல முடிஞ்சிடும்" என்பாள். இதை அவள் பெரும்பாலும் எங்கள் கடை வாசலில் நின்று, புறங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வாள். கல்மண்டபத்தில் கயிறு, வலை, மிதவை, தார்ப்பாய் விற்கிற கடை எங்களுடையது. அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து போட்டது. அதனால் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த அவளும் என்னை அண்ணாச்சி என்றே கூப்பிட்டாள். நான் அக்கா என்றேன். ஊருக்கு அவள் டூர் அக்கா. அவள் பெயரை நான் முதன்முதலாகப் படித்தது ஒரு கோர்ட் காகிதத்தில். அதனால் அதை இங்கே எழுத மனமில்லை. அவள் செத்து இந்த மழைக்காலத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

நான் அவளை முதலில் கவனித்த நாளில் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒரு மைல் தூரத்துக்கு நின்றிருந்தன. அதில் ஒன்று மெல்லப் பின்னால் உருண்டு வந்து, ஓரத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. யார் யாரோ கத்தினார்கள். அக்கா கத்தவில்லை. லாரியின் படியில் ஏறிக் கதவைத் திறந்து, டிரைவரின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து ஓர் அறை விட்டாள். அந்தச் சத்தம் என் கல்லா வரைக்கும் கேட்டது. டிரைவர் வடக்கத்திப் பையன். ஸ்டியரிங்கின் மேலேயே தூங்கியிருக்கிறான். துறைமுகத்துக்குள் போக இரண்டு நாளாக வரிசையில் நிற்கிறானாம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அக்கா அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்துக் கடையில் ஆறு இட்லி வாங்கி வரச் சொல்லி, அவன் தின்று முடிக்கும் வரை லாரிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

குள்ளமான, அகலமான உடம்பு. புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. அதைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வாள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன். குடித்துவிட்டு வந்து அவளை அடிப்பது வழக்கம். ஒரு நாள் அவள் வெளியே ஓடப் பார்த்தபோது கதவை அடித்துச் சாத்தினான். விரல் நடுவில் இருந்தது. துண்டான விரலைப் பார்த்துக்கொண்டே அவள் கதவைத் திறந்து உள்ளே வந்து, மீன் வெட்டுகிற கட்டையைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டாள். ஒரு முறை போட்டது போதவில்லை என்று இன்னொரு முறையும் போட்டாள். அன்றைக்கு நொண்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. "அதுக்கு முன்னாடி பன்னண்டு வருசம் பேசிப் பாத்தேன் அண்ணாச்சி" என்பாள். பிள்ளைகள் இல்லை. எந்தக் குழந்தையையும் அவள் அடித்து யாரும் பார்த்ததில்லை. வேனில் தன் பிள்ளையை முதுகில் அறைந்த ஒருத்தியை, "புள்ளைய அடிக்காதடி" என்று சொல்லி, அதே கையோடு அவளை அறைந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன். அன்று வேனில் எல்லாரும் சிரித்தோம். அறை வாங்கியவளும் சிரித்தாள், கண்ணீரோடு.

வாரம் முழுக்க அவள் எர்ணாவூர்க் குடியிருப்புகளில் மீன் விற்றாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பேசி, ஒரே நாளில் மலையும் மிருகப் பூங்காவும் காட்டிக் கூட்டி வருவாள். விடியற்காலையில் எர்ணாவூரில் கிளம்பி, திருவொற்றியூரில் நின்று, கடைசியாகக் கல்மண்டபத்தில் எங்களை ஏற்றுவாள். ஏலகிரி மலை மேலே போய் மத்தியானம் வரை சுற்றிவிட்டு, திரும்பும் வழியில் வேலூர்ப் பக்கம் காட்டோரத்தில் இருக்கிற ஒரு சின்ன மிருகப் பூங்காவைப் பார்த்துவிட்டு வீடு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கம்பெனிகளில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், இறால் உரிக்கிறவர்கள், மலையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

கழுத்தில் ஒரு விசில் தொங்கும். கையில் மைக். "நம்மூரு சாம்பலும் கம்பெனி கேஸும் நெஞ்சுல கெட்டியா நின்னுகினு கீது. மேல போயி அத்த வுட்டுட்டு, புதுக் காத்த ரொப்பிக்கினு வாங்க" என்று சொல்லித்தான் எல்லாப் பயணத்தையும் தொடங்குவாள். கடைசி வளைவில் வேனை நிறுத்தி, எல்லாரையும் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நிற்க வைப்பாள். ஒரு விசில் அடித்தால் மூச்சை இழுக்க வேண்டும். இரண்டு விசிலுக்கு விட வேண்டும். ஒருமுறை எர்ணாவூர் அம்மாள் ஒருத்தி கீழே பள்ளத்தாக்கில் வெள்ளையாகக் கிடந்ததைக் காட்டி, அது புகையா என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"மேகம். பொகைன்னா நாத்தம் அடிக்கும்" என்றாள் அக்கா. அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே விசில் அடித்தாள்.

நான் முதல் முறை போனபோது எங்கள் மகள் ஜெனி கைக்குழந்தை. என் மனைவி எஸ்தர் வரவில்லை. மேலே காட்சி முனையில் ஒரு காரில் வந்த நான்கு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குட்டியை வயிற்றோடு சுமந்துகொண்டு வந்த ஒரு தாய்க்குரங்கின் மேல் அவர்களில் ஒருவன் பாட்டிலை வீசினான். குரங்கின் முகம் கிழிந்தது. அது குட்டியை விடாமல் மூன்று காலில் மரத்துக்கு ஓடியது. அக்கா நேராகப் போய், நால்வரில் பெரியவனைக் காதோடு சேர்த்து அறைந்தாள். அவன் சுருண்டு விழுந்தான். மற்றவர்கள் காரிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து அவள் வாயில் அடித்தார்கள்.

எங்கள் வேனில் ஆண்கள் ஏழு பேர். நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தரையில் கையூன்றி எழுந்து எங்கள் பக்கம் திரும்பினாள். தாடையெல்லாம் ரத்தம்.

"இன்னா, வேடிக்கையா?" என்றாள்.

அதுவரை நான் யாரையும் அடித்ததில்லை. எங்கள் வீட்டில் குரலைக்கூட உயர்த்த மாட்டார்கள். கடன் சொல்லிவிட்டு ஏமாற்றுகிறவனைக்கூட அப்பா கும்பிட்டுத்தான் அனுப்புவார். நான் ஓடிப்போய், எனக்கு முதலில் கிடைத்தவன் முகத்தில் குத்தினேன். விரல் முட்டிக்குக் கீழே அவன் மூக்கு நொறுங்குவது எனக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் ஏதோ திறந்துகொண்ட மாதிரி இருந்தது. இன்னும் குத்தினேன். பக்கத்தில் திருவொற்றியூர்ப் பெண்கள் செருப்பைக் கழற்றி அடித்தார்கள். அந்த நால்வரும் காரில் ஏறி ஓடிய பிறகும் எனக்குக் கை அடங்கவில்லை. அக்கா வாயிலிருந்து உடைந்த பல்லை எடுத்துப் பார்த்தாள். "மலைக்கு ஒரு பல்லு குடுத்தாச்சு" என்று சொல்லிப் பள்ளத்தில் எறிந்தாள். பிறகு எல்லாரும் புல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். அவளால் மெல்ல முடியவில்லை, மோர் மட்டும் குடித்தாள். போகிறபோது என் தோளில் தட்டி, "அண்ணாச்சி கையிலயும் ரத்தம் ஓடுதே" என்றாள். எனக்கு யாரும் அப்படி ஒரு பாராட்டுத் தந்ததில்லை.

வீட்டில் எஸ்தர் என் சட்டையைப் பார்த்து, யார் ரத்தம் என்று கேட்டாள். அடுத்தவன் ரத்தம் என்று சொல்லிச் சிரித்தேன். "இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு உங்களுக்கு?" என்று சட்டையை வாளியில் போட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் இரண்டு முறை போனேன். மலையைப் பார்க்கப் போவதாகத்தான் சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை வளைவில் திரும்பும்போது டிரைவர் பாபு போனை எடுத்துப் பேசினான். அக்கா பொறுத்திருந்து, வேன் சமதளத்தில் நின்றதும் அவனைக் கீழே இறக்கி இரண்டு கன்னத்திலும் வைத்தாள். அவன் அதற்குப் பிறகு அவளைத் தவிர வேறு யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டான். அவளிடம் அடி வாங்கியவர்கள் அவளை விட்டுப் போனதில்லை. அதை நான் அவளுடைய பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான்காவது முறை எஸ்தரும் ஜெனியும் வந்தார்கள். ஜெனிக்கு ஐந்து வயது. அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு வாட்ஸப் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது, குழந்தைகளைத் தனியே விடாதீர்கள் என்று ஒரு குரல் பதறும். கூடவே ஒரு வீடியோ. அது எந்த ஊர், யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. நானும் அதைப் பதினைந்து இருபது பேருக்கு அனுப்பியிருந்தேன். வேனில் போகும்போது ஒருத்தி அதைச் சத்தமாகப் போட்டாள். அக்கா மைக்கை எடுத்து, "கையில கீற புள்ளைங்கள வுட்றாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மலை நன்றாகத்தான் இருந்தது. ஏரியில் படகில் போனோம். ஜெனி விசிலுக்கு மூச்சு விட்டுக் கன்னத்தை உப்பிக் காட்டினாள். பூங்காவுக்கு வந்தபோது மூன்றரை மணி இருக்கும். மான், மயில், முள்ளம்பன்றி, ஒரு தொட்டியில் முதலைகள். எஸ்தர் வெள்ளரிப் பிஞ்சு வாங்கப் போனாள். ஜெனியின் கை என் கையில் இருந்தது. முதலை வாயைத் திறந்ததும் படம் எடுக்க அந்தக் கையை விட்டேன். எடுத்துவிட்டுக் குனிந்தால் குழந்தை இல்லை.

கால் மணி நேரம் தேடினோம். எஸ்தர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். முதலைத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு யாரோ பார்த்து, இல்லை என்றார்கள். அக்கா ஆட்களை நான்கு பக்கமும் அனுப்பிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே மான் கொட்டடிப் பக்கம் போனாள். அங்கே வேலியோரப் பாதையில் ஒல்லியான ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு, இடுப்பில் செருகிய அரிவாள். அவன் தோளில் ஜெனி அழுதுகொண்டிருந்தாள். வேகமாக நடந்தான்.

அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடிப்போய் அறைந்தாள்.

அவன் தடுமாறினான். ஆனால் குழந்தையைக் கீழே போடவில்லை. அடுத்த அடி குழந்தை மேல் படாதபடி திரும்பி முதுகைக் காட்டினான். அதை நான் இருபதடி தள்ளி ஓடி வரும்போது பார்த்தேன். பார்த்தது அப்போது மூளைக்கு எட்டவில்லை. எஸ்தர் ஜெனியைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். யாரோ பிள்ளை பிடிக்கிறவன் என்றார்கள். யாரோ இடுப்பிலிருந்து அரிவாளை உருவிக் காட்டினார்கள். அவ்வளவுதான். எங்கள் வேன், பக்கத்து வேன், குடும்பத்தோடு வந்தவர்கள் எல்லாரும் அவன் மேல் விழுந்தார்கள். கல்லால் அடித்தார்கள். தண்ணீர்ப் பாட்டிலால், பெல்ட்டால் அடித்தார்கள். ஒரு பெண் சாப்பாட்டு டப்பாவால் அவன் தாடையில் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். அவன் தரையில் சுருண்டு, இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தான். காது தெரிந்தது. ஷூ போட்ட காலால் அந்தக் காதில் மிதித்தேன். மூன்று முறை. நான்காவது ஒன்று உண்டா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியவில்லை.

விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா முதல் மூன்று அறையோடு நிறுத்திவிட்டாள். வழக்கமாக அவள் நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. அவள் விசிலை ஊதிக்கொண்டே ஆட்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். ஒருவனை இழுத்தால் அந்த இடத்தில் இருவர் வந்தார்கள். என்னையும் இழுத்தாள். நான் அவள் கையை உதறினேன். கடைசியில் பூங்கா ஆட்கள் தடியோடு ஓடி வருவதைப் பார்த்ததும் கூட்டம் கலைந்தது. பாபு வண்டியைக் கிளப்பிவிட்டான். எல்லாரும் ஓடி ஏறினோம். இரண்டு பெண்கள் அக்காவையும் இழுத்து ஏற்றினார்கள்.

வேனில் ஒரே பேச்சு. நான் இப்படி அடித்தேன், நீ அப்படி அடித்தாய் என்று. யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அக்கா முன் சீட்டில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, எஸ்தர் மடியில் இருந்த ஜெனி அழுகையை நிறுத்திவிட்டு, அந்த மாமாவை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டாள்.

அக்கா எழுந்து வந்து அவள் முன்னால் குந்தினாள். "பாப்பா, அந்த மாமா உங்கிட்ட இன்னா சொன்னாரு?"

"அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்னாங்க. வாசல்ல டிக்கெட் குடுக்கிற ஆன்ட்டி மைக்ல கூப்பிடுவாங்களாம். அழாதன்னு மான்குட்டி காட்டினாங்க."

பின்னாலிருந்து ஒருவர், குழந்தைக்கு என்ன தெரியும், அப்படித்தான் ஏமாற்றிக் கொண்டுபோவார்கள் என்றார். எல்லாரும் அவசரமாக ஆமாம் ஆமாம் என்றார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்தாளு நடந்துபோன பக்கம் இன்னா கீது?"

பூங்கா வாசல். அதற்குப் பக்கத்தில் டிக்கெட் கொடுக்கிற கூண்டு. அவன் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அவள் பாபுவிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள். வேனே கூச்சல் போட்டது. போலீஸ் வந்திருக்கும், எங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, வேலை போய்விடும் என்றார்கள். பாபு கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் ஓர் அறை விட்டிருந்தால் அவன் திருப்பியிருப்பான். நாங்கள் எல்லாரும் அந்த அறைக்குக் காத்திருந்தோம் என்றே நினைக்கிறேன். அவள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நிறுத்து. நான் எறங்கிக்கிறேன்" என்றாள்.

ஒரு செங்கல் சூளைப் பக்கம் வேன் நின்றது. எர்ணாவூர்க் கிழவிகளை மெயின் ரோட்டில் இறக்கிவிடாமல் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும் என்று பாபுவிடம் சொன்னாள். இறங்கிய பிறகு ஒரு தடவை எங்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. எஸ்தர் என் காதருகே, "நீங்க எறங்கலியா?" என்று கேட்டாள். உங்களை வீட்டுக்கு யார் கூட்டிப் போவது என்றேன். வேன் கிளம்பியது. அவள் எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அடித்த அந்த ஆள் மான்களுக்குத் தழை வெட்டிப் போடுகிற தினக்கூலி. மேலே மலைக் கிராமத்துக்காரன். பிழைத்துக்கொண்டான். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மூன்று விலா எலும்புகள். வலது காது கேட்காமல் போய்விட்டது. வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது. அக்கா முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான் அடித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். கூட யார் யார் என்று கேட்டதற்கு, நான் மட்டும்தான் என்றாளாம். ஒரு பொம்பளை தனியாக இவ்வளவு செய்ய முடியுமா என்று கேட்டார்களாம். என் கையைப் பாருங்கள் என்றாளாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போலீஸ்காரர் கல்மண்டபத்துக்கு எங்கள் வீடு தேடி வந்தார். நான் குழந்தையோடு நின்றிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னேன். எஸ்தரைக் கேட்டார். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் எழுதிக்கொண்டு போனார். வழக்கு இழுத்தது. எனக்கும் ஒரு சம்மன் வந்தது. அதில்தான் அவள் பெயரைப் படித்தேன். குற்றத்தை அவளே ஒப்புக்கொண்டதால் என்னைக் கூண்டில் ஏற்ற வேண்டி வரவில்லை. இரண்டரை வருஷம் ஜெயில் என்று தீர்ப்பாயிற்று. ஜெயிலில் அவளைப் பார்க்க ஒரு முறை வேலூர் வரை போனேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அதற்குள் எங்கள் சொந்தபந்தத்தில் அது ஒரு கதையாகிவிட்டிருந்தது. பிள்ளை பிடிக்கிறவனிடமிருந்து ஜெனியை மீட்ட கதை. கல்யாண வீடுகளில் அம்மா அதைச் சொல்வாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எஸ்தர் எழுந்து போய்விடுவாள்.

ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு அக்கா டூர் நடத்தவில்லை. மறுபடி மீன் விற்றாள். ஒரு நாள் காலையில் மீன் விற்கிற இடத்தில் குடை கட்டக் கயிறு வேண்டும் என்று கடைக்கு வந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. நான் கல்லாவை விட்டு இறங்கி வந்து அவள் முன்னால் நின்றேன். எத்தனையோ நாள் அவள் எனக்கு விடப்போகிற அறையை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

"அடிச்சிடுங்கக்கா" என்றேன்.

அவள் கயிற்றை இழுத்துப் பார்த்து முறுக்கைச் சோதித்தாள்.

"இப்ப நான் ஒண்ணு வச்சேன்னா உனக்கு ஆறிடும் அண்ணாச்சி. ஆறக்கூடாது" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக் கிராமத்துக்குப் போகிறாளாம். வேறெதுவும் செய்வதில்லை, அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்துவிடுவாளாம். இரண்டாவது மாசம் அவன் பெண்டாட்டி இவள் கன்னத்தில் அறைந்தாளாம். "நல்ல கை அவளுக்கு" என்றாள், வேறு யாருடைய சமையலையோ மெச்சுவதுபோல. நானும் வரட்டுமா என்று கேட்டேன். பாப்பாவுக்கு விஷயம் தெரியுமா என்றாள். இல்லை என்றேன். "அத்த மொதல்ல சொல்லு" என்று சொல்லிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே ஜெனியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவளுக்குப் பதினோரு வயது ஆகியிருந்தது. நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், "எனக்குத் தெரியும்ப்பா. அம்மா தோள்லேருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு அந்த மலைக் கிராமத்துக்குப் போகப்போகிறேன் என்றேன். தானும் வருவதாகச் சொன்னாள்.

அக்கா, ஜெனி, நான் மூவரும் போனோம். இரண்டு பஸ் மாறி, கடைசியில் மினி பஸ்ஸில் மலை ஏறினோம். வளைவுகளில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஓட்டு வீடு. பக்கத்தில் ஆட்டுக் கொட்டகை, எதிரில் ஒரு பலா மரம். அவன் பெண்டாட்டி திடமான, கறுத்த பெண். அக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பிறகு என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள்.

போலீஸிலும் கோர்ட்டிலும் எனக்காகப் பொய் சொன்னவள் இங்கே வாயைத் திறக்கவில்லை. பலா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பொண்ணோட அப்பாங்க" என்றேன். "நானும் அடிச்சேன். அந்தக் காதுல மிதிச்சது நான்தான்."

அந்தப் பெண் என் காலைப் பார்த்தாள். சத்தம் கேட்டு அவன் கொட்டகையிலிருந்து வந்தான். யார் என்று கேட்டு இடது காதை அவள் பக்கம் கொடுத்தான். அவள் சொன்னாள். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனான். தூக்க வராத அந்த வலது கை முழங்கை வரை எழும்பி, காதை மூடப் பார்த்தது. பிறகு ஜெனியைக் கண்டான். அவளை ரொம்ப நேரம் பார்த்தான். "பாப்பாவா" என்றான். ஜெனி, "ஆமா மாமா" என்றாள், அவனுக்குக் கேட்கும்படி சத்தமாக.

அவன் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரிவதற்குள் அவன் பெண்டாட்டி அவன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

நான் ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினேன். அக்கா அதற்குள் பலா மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"எங்க போற?" என்றாள். "குந்து. எனக்கு அந்தக் கதவு தொறக்க ஒம்போது மாசம் ஆச்சு."

வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. கடைசி பஸ் ஐந்தரைக்கு. நான் உட்கார்ந்தேன்.